ஒரே வாரத்தில் பளிச் என்றால் சந்தேகப்படுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். முகத்துக்குப் போடும் க்ரீமை எங்கள் கடையில் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, வால் பக்கமாகச் சுருட்டிய அலுமினிய ட்யூபைப் பர்ஸிலிருந்து எடுத்துக் கவுன்ட்டர் கண்ணாடி மேல் வைப்பார்கள். "இதே குடுங்கக்கா." சுருளைப் பிரித்துப் பார்த்தால் பல நேரம் அதே மூன்று பெயர்கள்தான் இருக்கும்: ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெட்டசோன். மூன்றும் மருந்துகள். மூன்றாவது ஸ்டீராய்டு.

"சீட்டு இருக்காம்மா?"

"எங்க அண்ணிக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததுக்கா. நான் சும்மா ஃபேஸ் க்ரீம் மாதிரி போட்டுக்கறேன்."

இந்த 'அண்ணி' இல்லாத ட்யூபே கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு அண்ணிக்குக் கன்னத்தில் மங்கு விழுந்திருக்கும். தோல் மருத்துவர் இந்தக் கலவையைக் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு மேல் போகாமல், இரவில் மட்டும் மெல்லிசாகப் பூசச் சொல்லி எழுதியிருப்பார். மங்கும் குறைந்திருக்கும், முகமும் பளிச்சென்று ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்த நாத்தனார் அதைப் பார்ப்பார். நாத்தனாரைப் பார்த்து அவருடைய ஆபீஸ் தோழி கேட்பார். அப்புறம் தோழியின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகும், அவனும் ஆரம்பிப்பான். மருத்துவர் சொன்ன 'எட்டு வாரம்' இந்த வழியில் எங்கோ விழுந்துவிடும். ட்யூப் மட்டும் கைமாறிக்கொண்டே போகும்.

ஸ்டீராய்டு க்ரீம் முதல் சில நாட்களில் செய்வதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ரத்தக் குழாய்கள் சுருங்கும், சிவப்பும் வீக்கமும் அடங்கும், பரு அமுங்கும், நிறம் தெளிந்ததுபோல் தெரியும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்துவிடும். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பிக்கும். பரு கொத்துக் கொத்தாக வரும், சில பெண்களுக்குத் தாடையில் முடி வளரும், வெயிலில் நின்றால் எரியும். சரி, நிறுத்திவிடலாம் என்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் சிவந்து தகிக்கும். பயந்துபோய் மறுபடியும் பூசுவார்கள், அடங்கிவிடும். 'இந்த க்ரீம் போட்டால்தான் என் முகம் நன்றாக இருக்கிறது' என்ற நம்பிக்கை இப்படித்தான் வருகிறது. தோல் மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று தனி நோயாகவே பெயர் வைத்துச் சொல்கிறார்கள்.

படர்தாமரைக்கும் இதே கதைதான். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தொடை இடுக்கில் தடவினால் அரிப்பு உடனே நிற்கும். பூஞ்சை மட்டும் உள்ளே நிம்மதியாகப் பரவும்.

2018இல் மத்திய அரசு தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச் பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நீங்களே கண்டுபிடிக்கலாம், கஷ்டமில்லை: ட்யூபின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும், பக்கத்தில் ஆர்.எக்ஸ் என்று இருக்கும். சிவப்புக் கோடு இருந்தால் அது அழகு சாதனம் கிடையாது, மருந்து. சீட்டில்லாமல் நான் தரமாட்டேன் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்புவார்கள். நாலு கடை தள்ளி வாங்கிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பல வருடமாகப் பூசுகிறவர் திடீரென்று தானாக நிறுத்தவும் வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டால் எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று சொல்வார்கள். காலை சீக்கிரம் போய்விடுங்கள், இல்லையென்றால் வரிசை வராந்தா வரை வந்துவிடும்.

இதெல்லாம் ஒரு பக்கம். அதே கவுன்ட்டருக்குக் காலேஜ் முடித்த பெண்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்பது வேறு. "பாராபென் இல்லாத மாய்ஸ்சரைசர் இருக்கா? சல்ஃபேட் ஃப்ரீ ஷாம்பு? கெமிக்கல் ஃப்ரீயா ஏதாவது?" போனில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் சிவப்பு எழுத்தில் போட்ட பட்டியலைக் காட்டுவார்கள். பார்த்து வாங்க வேண்டும் என்ற அக்கறை நல்லதுதான். எனக்கு ஒரே குறை, பயத்தையும் இறக்குமதி செய்துவிட்டோம். அந்தப் பட்டியல் எழுதப்பட்ட ஊரில் லேபிள் இல்லாத வெளுப்பு க்ரீமும், சீட்டில்லாத ஸ்டீராய்டும் இப்படித் தெருத் தெருவாகக் கிடைப்பதில்லை. அதனால் அவர்கள் பதப்படுத்தியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நம் தெருவில் என்ன விற்கிறது என்று பார்த்துவிட்டு நம் பட்டியலை நாம் எழுத வேண்டும்.

பாராபென் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்த எந்த க்ரீமிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வளராமல் இருக்க ஏதோ ஒரு பதப்படுத்தி வேண்டும். பாராபென் அப்படி ஒன்று. பாராபென்கள் உடம்பின் ஹார்மோன்களில் தலையிடுமா என்ற விவாதம் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஐந்து வகைப் பாராபென்களை 2014இல் தடை செய்தது, மெத்தில் பாராபென் போன்றவற்றை அளவு நிர்ணயித்து அனுமதித்தது. இந்தப் பயத்தில் பல கம்பெனிகள் பாராபெனை எடுத்துவிட்டு மெத்தில் ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்திக்கு மாறின. அது ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013இல் அதற்கு 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' பட்டம் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், 2019இல் அதே சங்கம் பாராபென்களுக்கு 'ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள்' என்று பட்டம் கொடுத்தது. ஆகவே அட்டையில் 'பாராபென் ஃப்ரீ' என்று பார்த்தால், சரி, அதற்குப் பதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். 'கெமிக்கல் ஃப்ரீ' என்றால் திருப்பியே பார்க்க வேண்டாம், வைத்துவிடுங்கள். தண்ணீரும் கெமிக்கல்தான். அது தெரியாதவர்கள் செய்த க்ரீம் எனக்கு வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படுவது பாதரசத்துக்கு.

சின்ன வட்ட டப்பா. மூடியில் வெள்ளைக்காரப் பெண் படம் அல்லது முத்து, ரோஜா. எங்கே செய்தார்கள் என்று இருக்காது, இருந்தாலும் ஒரு நாட்டின் பெயர் மட்டும் இருக்கும். பாரிமுனை நடைபாதையில், ஃபேன்சி ஸ்டோரில், இன்ஸ்டாகிராம் லைவில், பியூட்டி பார்லர் அக்காவின் கைப்பையில் என்று எங்கேயும் கிடைக்கும். "பத்து நாள்ல ரிசல்ட்" என்பார்கள். ரிசல்ட் வரும், அதுதான் பிரச்சினையே. தோலின் நிறமியான மெலனினை உருவாக்கும் என்சைமைப் பாதரச உப்பு முடக்கிவிடும். நிறம் குறையும். பூசிய பாதரசம் தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். பூசுகிறவரோடு நிற்பதும் இல்லை. ஒரே துண்டு, ஒரே தலையணை, அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தை, எல்லோருக்கும் கொஞ்சம் போகும்.

கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் போட்டவர்கள். கால் வீங்குவது, சிறுநீர் நுரை நுரையாகப் போவது, இவைதான் முதலில் தெரியும். சிறுநீரில் புரதம் ஒழுகுவதன் அடையாளம் அது. நல்ல விஷயம், க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிய ஆரம்பித்தது. அதனால்தான் காலத்தோடு கண்டுபிடிப்பது முக்கியம். கால் வீக்கத்துக்கு மாத்திரை கேட்டு இளம்பெண் யாராவது வந்தால் நான் இப்போதெல்லாம் முகத்துக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டுவிடுகிறேன். "இன்னாக்கா, கால் வீங்குனதுக்கும் மூஞ்சிக்கும் இன்னா சம்பந்தம்?" என்று ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பாதரசம் இருக்கிறதா என்று வீட்டில் பரிசோதிக்க நம்பகமான வழி கிடையாது. சந்தேகப்பட வழி உண்டு. பொருட்கள் பட்டியலில் மெர்குரி, மெர்குரஸ் க்ளோரைடு, கலோமெல், அமோனியேட்டட் மெர்குரி என்று ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பட்டியலே இல்லையென்றால் இன்னும் மோசம். க்ரீம் சாம்பல் பூத்த நிறத்தில் இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த தடயம் இன்னொன்று: 'பூசும்போது தங்கம், வெள்ளி நகைகள் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று சில டப்பாக்களில் அவர்களே எழுதியிருப்பார்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்று சௌகார்பேட்டை நகைப் பட்டறையில் வேலை செய்யும் எந்தப் பையனும் சொல்வான். மோதிரம் கெட்டுவிடும் என்று எச்சரிக்கிறவன், முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. இந்தியாவில் அழகு சாதனத்தில் தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண் மை, ஐலைனர் போன்றவற்றில் மட்டும் பதப்படுத்தியாக 70 பங்கு வரை விட்டிருக்கிறார்கள். பாதரசக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச உடன்படிக்கைக்கு மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரின் பெயர். ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடலில் கலந்து, மீன் சாப்பிட்ட குடும்பங்கள் குடும்பங்களாக நரம்பு பாதிக்கப்பட்ட ஊர். காசிமேட்டு மீன் வாங்கிச் சாப்பிடும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பாதரசம் சேர்த்த அழகு சாதனங்களை அளவுக் கணக்கே இல்லாமல் 2025க்குள் ஒழிக்க வேண்டும் என்று 2023இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் கூடி முடிவெடுத்தன. நம் மாநிலத்திலும் பாதரசத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை 2001இல் மூட வைத்தது ஊர் மக்கள் செய்த போராட்டம். ஆலையை மூடலாம். கைப்பையில் வரும் டப்பாவை எப்படி மூடுவது?

வெள்ளையாக வேண்டும் என்று நினைப்பவர்களை நான் திட்டுவதில்லை. 1975இல் வந்த ஒரு க்ரீமோடு வளர்ந்த நாடு இது. அதன் பெயரையே 2020இல் மாற்ற வேண்டி வந்தது. கருப்பும் அழகுதான் என்று 2009இல் பிரசாரம் தொடங்கியதும் இதே சென்னையில் இயங்கும் விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்புதான். கருப்பாக இருப்பவரைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2014இல் விதி போட்டது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த விதியைப் படித்துவிட்டு வருவதில்லையே. 'பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி' என்று ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள், மறுநாள் அந்தப் பெண் என் கவுன்ட்டரில் நிற்பாள்.

சரி, டப்பாவின் பின்பக்கத்துக்கு வருவோம். முன்பக்கத்தில் எழுதியிருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் இருப்பதற்குத்தான் சட்டம் பொறுப்பு. 2020ஆம் வருட அழகு சாதன விதிகளின்படி அங்கே சிலது இருந்தே ஆக வேண்டும். தயாரித்தவரின் பெயரும் முழு முகவரியும், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, என்னென்ன பொருட்கள் என்ற பட்டியல். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண். பர்மா பஜாரில் வாங்கும் வெளிநாட்டு க்ரீமில் பட்டியல் தாய் எழுத்திலோ கொரிய எழுத்திலோ மட்டும் இருக்கிறது, இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லை என்றால், முகம் வீங்கினால் யாரைக் கேட்பீர்கள்? பர்மா பஜாரில் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. நானே குடையும் டார்ச்சும் அங்கேதான் வாங்குகிறேன். முகத்தில் பூசுவது வேறு.

இதேபோல் நாராயண முதலி தெரு மொத்த விற்பனைக் கடைகளில் டஜன் கணக்கில் வாங்கும்போதும் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிரபல கம்பெனி லிப்ஸ்டிக் பாதி விலைக்குக் கிடைத்தால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். போலி அடிப்பவர்களுக்கு ஸ்பெல்லிங் வராது.

இன்ஸ்டாகிராமில் 'ஹோம்மேட்' சோப்பு, சீரம் விற்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் செய்தாலும் விற்பதற்கு என்று செய்தால் உரிமம் வேண்டும். அதைவிட முக்கியம், பதப்படுத்தி போடாத கற்றாழை ஜெல்லைப் பாட்டிலில் அடைத்து கூரியரில் மதுரைக்கு அனுப்பினால், போய்ச் சேரும்போது கிருமியும் சேர்ந்து போகும். கற்றாழை வேண்டுமென்றால் மடலை வெட்டி, மஞ்சளாக வடியும் பாலை ஒழுகவிட்டு, கழுவி, அன்றைக்கே பூசிவிட்டு மீதியை எறிந்துவிடுவதுதான் நல்லது.

அடுத்தது யாரும் சந்தேகப்படாத ஒன்று, ஸ்டிக்கர் பொட்டு. எங்கள் சித்திக்கு நெற்றி நடுவே வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. பொட்டு வைத்தால் தெரியாது, எடுத்தால் அதே அளவில், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் இருக்கும். வெண்குஷ்டம் வந்துவிட்டது என்று வீடே இடிந்துபோனது. வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீடு, வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. காரணம் பொட்டின் பின்னால் இருக்கும் பசை. சில பசைகளில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற ரசாயனம் இருக்கும். அது நிறமி செல்களை அழித்துவிடும். இந்தியத் தோல் மருத்துவர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த சங்கதி இது. அடுத்தவருக்குத் தொற்றாது, கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பொட்டை நிறுத்திவிட்டுச் சிகிச்சை எடுத்தால் பலருக்கு நிறம் மெல்லத் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகும். சித்திக்கு முக்கால்வாசி திரும்பியது.

அரிப்பு வந்தால் அதுதான் எச்சரிக்கை, அன்றைக்கே அந்த பிராண்டை விட்டுவிடுங்கள். இரவில் எடுத்துவிடுங்கள். எடுத்ததைப் பீரோ கண்ணாடியிலும் பாத்ரூம் டைல்ஸிலும் ஒட்டி வைத்து மறுநாள் எடுத்து வைப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். அதையும் விட்டால் நல்லது. குங்குமத்துக்கு மாறலாம் என்றால், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் கருஞ்சிவப்பாக இருக்கும். கண்ணைப் பறிக்கும் சிவப்பும், கழுவினாலும் போகாத கறையும் சாயத்தின் வேலை.

ஹேர் டையில் விஷயம் நேரடியானது. கருப்பு நிறம் தரும் பெரும்பாலான டைகளில் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் பாரா ஃபீனைலின் டையமைன் இருக்கும். ஒத்துக்கொள்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மறுநாள் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கும். 'அமோனியா இல்லை' என்று அட்டையில் இருப்பதற்கும் பி.பி.டி.க்கும் சம்பந்தமில்லை. 'ஹெர்பல் பிளாக் ஹென்னா' என்றாலும் உள்ளே பட்டியலைப் பாருங்கள், மருதாணி இலை மட்டும் ஒருநாளும் கருப்பாக்காது, ஆரஞ்சிலிருந்து பழுப்பு வரைதான் போகும். முன்பு ஒத்துக்கொண்ட டை இந்த முறை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடச் சொல்வேன். யார் கேட்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாக்கெட்டை வாங்கிப்போய் எட்டு மணிக்குத் தலையில் போட்டுவிட்டு, பத்தரைக்குக் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள்.

கைக்குப் போடும் கோனில் இது இன்னும் ஆபத்து. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் கோனில் பி.பி.டி. இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தோலில் போடவே கூடாது. அதில் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிற்காலத்தில் ஹேர் டையும் ஒத்துக்கொள்ளாது. அரைத்த மருதாணி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் முழுச் சிவப்புக்கு வரும். பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பாட்டி வைத்தியம் பேசுபவர்கள் குதித்து வருவார்கள், 'அதனால்தான் நலங்கு மாவு போதும் என்கிறோம்' என்று. எனக்கும் நலங்கு மாவு பிடிக்கும். எங்கள் வீட்டில் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா மொட்டு, ஆவாரம்பூ. பூங்கா நகர் ராசப்பச் செட்டி தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, மொட்டை மாடியில் ரெண்டு நாள் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைப்போம். மில்லில் சீயக்காய் மெஷின் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருமுறை மிளகாய்த்தூள் அரைத்த மெஷினிலேயே நலங்கு மாவையும் அரைத்துக் கொடுத்துவிட்டார்கள். அன்று என் தங்கை போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

மூலிகை என்றால் பாதுகாப்பு என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். நலங்கு மாவில் பலரும் சேர்க்கும் கார்போக அரிசியில் சோராலென் இருக்கிறது. அதைத் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் கருத்துப்போகும், சிலருக்குக் கொப்புளமே வரும். வெண்புள்ளிச் சிகிச்சையில் மருத்துவர்கள் சோராலென் கொடுத்து அளந்து வெளிச்சம் காட்டுவது இந்தக் குணத்துக்காகத்தான். நாம் அதைப் பூசிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும். மஞ்சள்தூளைத் திறந்த மூட்டையிலிருந்து வாங்கினால், நிறம் ஏற்ற லெட் க்ரோமேட் என்ற ஈயச் சாயம் கலப்பவர்கள் தெற்காசியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறார்கள் என்பதையும் ஞாபகம் வையுங்கள். கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது. குழந்தையின் கண்ணுக்குப் போடும் சுர்மாவில் ஈயமே மூலப்பொருளாக இருக்கலாம். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. விளக்குக் கரியில் வீட்டில் செய்த மை என்றாலும் கண்ணுக்குள் வேண்டாம், திருஷ்டிக்குக் கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு பொட்டு வைத்தால் பாட்டியும் சமாதானம் ஆகிவிடுவார்.

குழந்தைப் பவுடர் பற்றியும் கேட்பார்கள். டால்க் பவுடரை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் 'புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ளது' என்ற வகையில், 2ஏ பிரிவில் சேர்த்தது. பிரபலமான ஒரு கம்பெனி 2023இலேயே உலகம் முழுக்க டால்க்கை விட்டு சோள மாவுக்கு மாறிவிட்டது. புற்றுநோயை விடுங்கள், குளிப்பாட்டிவிட்டுப் புகை மண்டலமாகப் பவுடர் அடித்தால் குழந்தை அதை மூச்சில் இழுக்கும். பவுடரே தேவையில்லை.

சோப்புக்கு வட சென்னையில் தனிக் கணக்கு. போர் தண்ணீரில் உப்பு, லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று லாரிக்காரருக்கே தெரியாது. கடினத் தண்ணீரில் சாதாரண சோப்பு நுரைக்காமல் பக்கெட் ஓரத்தில் வெள்ளைத் திட்டாகப் படியும். அதே திட்டு தோலிலும் படிந்து வறட்டும். சோப்பு அட்டையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும், மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76க்கு மேல் என்றால் முதல் தரம். 'பேதிங் பார்' என்று எழுதியிருந்தால் 40 இருந்தாலே போதும் என்பது விதி, அதனால்தான் அது மலிவு. அரிப்பு, வறட்சி உள்ளவர்கள் வாசனை இல்லாத சிண்டெட் பார், அதாவது சோப்புக்குப் பதில் செயற்கைச் சுத்திகரிப்புப் பொருளால் செய்த கட்டி, வாங்கலாம், உப்புத் தண்ணீரிலும் அது திட்டாகாது. குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். வெயிலில் வண்டி ஓட்டுபவர்களுக்கு எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், மங்கு இருந்தால் தோல் நிறத்தில் டின்ட் கலந்தது. அவ்வளவுதான் என் சிபாரிசு. ஏழு படி, பத்து படி என்று கொரியக் கணக்கெல்லாம் நம் வியர்வைக்குத் தாங்காது.

இதையெல்லாம் சொல்லும்போது எண்ணூர்ப் பெண் ஒருவர் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் பதிலில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் பக்கம் ஆற்றில் எண்ணெய் மிதந்தது, அவர் வீட்டு ஆண்கள் வெறும் கையால் அள்ளினார்கள். அதே மாதம் ராத்திரியில் அமோனியா கசிந்து ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. "டப்பாவைத் திருப்பிப் பாருன்ற. ஆத்தை எப்டிக்கா திருப்பிப் பாக்கறது?" என்றார். அவர் வாங்க வந்தது அரிப்புக்குக் காலமைன் லோஷன்.

ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் டப்பாவை ஆத்திரத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், முகத்தையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மருந்து க்ரீம் என்றால் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. அழகு சாதனம் பற்றிய புகாருக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாற வேண்டியதில்லை, டி.எம்.எஸ். ஸ்டேஷனிலேயே இறங்கலாம். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், மூடியையும் சேர்த்து.